நான்கு வினாடி இடைவெளி

நாமம் கடைசி முறை ஒலித்து நின்றதும், மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் பெட்டி மூச்சு இழுத்தது.

ஏசியின் சத்தமாக இருக்கும் என்றுதான் பெய்யு முதலில் நினைத்தாள். எழுந்து போய் அதை நிறுத்தினாள். ஸ்டுடியோவின் கனத்த கதவை இழுத்துச் சாத்தினாள். கீழ்த்தளத்து ஸ்கூட்டர் பட்டறையில் யாரோ ஸ்பானரைத் தரையில் போட்ட ஓசை கதவிடுக்கில் மெல்லியதாக வந்து அடங்கியது. பெட்டிக்குள் நான்கு பெண்கள் அமித்துவோஃபோ, அமித்துவோஃபோ என்று புத்தரின் பெயரை மறுபடி தொடங்கி, ஒரு சுற்று முடித்து, நிறுத்தினார்கள். இடைவெளி. அதில் மூச்சு. மூக்கு வழியாக, அவசரமில்லாமல், உள்ளே போகிற காற்று.

"கேட்டீங்களா டீச்சர்?" என்றார் முதலாளி சாய். பூசைச் சாமான் கம்பெனிக்காரர்; ஒலிப்பதிவு செய்கிறவளை மரியாதைக்கு டீச்சர் என்பார். பாக்கு மென்று சிவந்த பற்கள் தெரியச் சிரித்தார். "எழுபது பெட்டி திரும்பி வந்திருக்கு. வாங்குறவங்க எல்லாம் எண்பது தாண்டினவங்க. இடி விழுந்தாலே அவங்களுக்குக் காது கேக்காது. அவங்களுக்கே கேக்குதுன்னா பாத்துக்கங்க."

"நான் குடுத்ததுல இது இல்ல."

"ஒரு அம்மா சொல்லுது, நாலு பொம்பளைங்க நடுவுல ஒரு ஆம்பள வந்து உக்காந்திருக்கானாம். புருஷன் செத்து பதினோரு வருஷமாச்சு, இப்ப புதுசா ஒருத்தனான்னு மக சண்டை போடுறாளாம்."

பெய்யு சிரிக்கவில்லை. கழுத்தின் பின்புறம் சூடேறியது. இருபத்திரண்டு வருடங்களாக அவளுக்குப் பழகிப்போன சூடு. பாடத் தெரியாதவன் மைக்கைக் குறை சொன்னபோதும், கல்யாண மண்டபத்துக்காரன் இதையெல்லாம் போனிலேயே செய்யலாமே என்றபோதும் ஏறிய அதே சூடு. தைனான் நகரத்தில் தனியாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறவள் எல்லா வேலையும் செய்தாக வேண்டும். கோயில் ஊர்வலம் பதிவு செய்வாள், லிஃப்ட் பேசுகிற குரல் பதிவு செய்வாள், சாகப் போகிறவர்களின் தலைமாட்டிலும் செத்தவர்களின் படத்துக்கு அடியிலும் இரவு பகலாக நாமம் சொல்லும் பெட்டிக்கும் குரல் பதிவு செய்வாள். எதையும் அவள் ஏனோதானோவென்று செய்ததில்லை.

"பேக்டரியில உங்க ஆளுங்க ஏதாவது கைவெச்சிருப்பாங்க," என்றாள்.

"கைவெக்க அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க குடுத்ததை அப்படியே ஏத்தினாங்க." பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "இடைவெளியே வேணாம்னு எடுத்துடுங்களேன்."

"இடைவெளி கேட்டது நீங்கதான்."

அவர் கேட்டதுதான். பெட்டியோடு சேர்ந்து நாமம் சொல்லும் கிழவர்களுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும், ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு வினாடி விடுங்கள் என்று அவரேதான் சொன்னார். சத்தமே இல்லாத வெறும் பூஜ்யமாக விட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த நான்கு வினாடியில் ஓர் அறையின் மௌனத்தை வைக்க வேண்டும். எந்த அறைக்கும் ஒரு மௌனம் உண்டு; சுவரும் மரமும் காற்றும் சேர்ந்த, காதுக்குத் தெரியாத ஒரு கனம். அவளுடைய ஸ்டுடியோவில் அன்று அது கிடைக்கவில்லை. வசந்த மாதம். தெருவில் கோயில் ஊர்வலங்கள் ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டிருந்தன, வெடிச் சத்தம் சுவரைத் துளைத்தது. சேர்த்து வைத்திருந்த பழைய மௌனங்களில் ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டினாள்.

சாய் போன பிறகு அதன் பெயரைப் பார்த்தாள். யூஜிங், மூன்று.



யூஜிங் அவள் பிறந்த ஊர். அது அப்பாவின் அறை. ஜனவரியில், அவர் போன நாள்.

மருத்துவமனையில் இனி ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசி மூச்சு வீட்டில்தான் போக வேண்டும் என்று அண்ணன் மிங்சுங் கையெழுத்துப் போட்டான். ஆம்புலன்ஸில் ஒருவன் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி அப்பாவின் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே மலைப்பாதை முழுக்க வந்தான். கட்டிலில் கிடத்தியதும், அப்பா, வீட்டுக்கு வந்துட்டோம், என்று அண்ணன் காதோரம் சொன்னான். குழாயை எடுத்தார்கள். சவச்சடங்குக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நேரம் சொன்னார். மஞ்சள் போர்வை முகம் வரை மூடியது. இனி எட்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது, அழக் கூடாது, கட்டிலை அசைக்கக் கூடாது, நாமம் மட்டும் நிற்காமல் ஒலிக்க வேண்டும். தொட்டால் அவருக்கு வலிக்கும், வலித்தால் கோபம் வரும், கோபத்தோடு போகிறவர்களுக்கு நல்ல கதி இல்லை.

கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பெய்யு கேட்டாள். அண்ணன் கூடாதென்று தலையசைத்தான். முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் கருப்பு அங்கியில் வரிசையாக நின்று அவளுடைய அப்பாவுக்காகப் பாடினார்கள். மகள் நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில்தான் பையிலிருந்த சின்ன ரெக்கார்டரை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தொடக் கூடாது என்றால் சரி. பதிவு செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

மூன்று மணி நேரம் ஆனதும் பாடும் குழு மாறியது. பழைய குழு வெளியே போய், புதுக் குழு உள்ளே வந்து நிற்பதற்குள் நாற்பது வினாடி. அந்த நாற்பதில் வெட்டி எடுத்ததுதான் இந்த நான்கு.

ஹெட்போனை மாட்டி எட்டு மணி நேரப் பதிவைத் திறந்தாள். திரையில் நாமம் அடர்ந்த காடு மாதிரி தெரிந்தது. நடுவில் ஒரு வெட்டவெளி. அங்கே போனாள். செருப்புகள் தேய்கிற சத்தம், யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம், கதவு, பிறகு அந்த வீட்டின் கனம். அவள் வெட்டிய நான்கு வினாடி, சுத்தமாக, ஒரு தூசி இல்லாமல். அதைத் தாண்டி ஓடவிட்டாள்.

ஐந்தாவது வினாடியில் மூச்சு.

நிறுத்தினாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள்.

மூச்சுகள் அவளுக்குத் தொழில். ஒவ்வொரு பாடகரின் வரிகளுக்கு நடுவிலிருந்தும் அவற்றை நறுக்கி எறிவதில்தான் அவள் நாளில் பாதி போகும். ஒரு மூச்சைக் கேட்டால் அடுத்து வரும் வரி எவ்வளவு நீளம், எவ்வளவு சத்தம் என்று சொல்லிவிடுவாள். இந்த மூச்சையும் அவளுக்குத் தெரியும். தொழிலுக்கு வருவதற்கு முன்பே தெரியும். மாங்காய்க்குக் கட்டும் தாள் பை ஒன்று கிழிந்திருந்தால், பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால், சோற்றில் கல் கிடந்தால், கத்துவதற்கு முன் அப்பா இப்படித்தான் மூக்கு வழியாக இழுப்பார். பிள்ளைகள் இருவரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள். அடியைவிட அந்த மூச்சு மோசம். ஒருமுறை ஸ்டுடியோவுக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்தை வித்துத் திங்கிறவ," என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அவள் வெட்டியது மூச்சுக்கு முன்பு வரை. மூச்சு தொடங்குகிற இடத்தில், மயிரிழை தள்ளாமல், வெட்டு நின்றிருந்தது. யாருடைய கையும் தற்செயலாக அங்கே நிற்காது. காது கேட்கவில்லை என்று சொன்னதை அவள் கை கேட்டிருக்கிறது.

அப்படியானால் பெட்டிக்குள் அது எப்படி வந்தது?

இன்னும் ஐந்து மணி நேரப் பதிவு மிச்சம் இருந்தது. அதை அவள் திறக்கவில்லை. போனை எடுத்தாள்.

"அண்ணே. அன்னிக்கு நடுவுல ஆளு மாறினாங்களே. அப்ப உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"என்னிக்கு?" மிங்சுங்கின் தொண்டை கட்டிப் போயிருந்தது.

"நடிக்காதே."

பின்னணியில் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. முதல் பெட்டியை அவள்தான் அவனுக்குக் கொடுத்திருந்தாள், அப்பாவின் அறையில் வைக்க.

"செத்த உடம்புலேர்ந்து காத்து வெளிய வரும் பெய்யு. அந்தச் சடங்குக்காரரே சொன்னாரு. பயப்படாதீங்கன்னாரு."

"வெளிய வரும். அது எனக்கும் தெரியும். இது உள்ள போன காத்து. நான் தின்னுற சோறே இதுலதான், எனக்கு நீ சொல்லித் தராதே."

தொலைபேசியில் நாமம் முடிந்தது. இடைவெளி. பெய்யு தன்னையறியாமல் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழாவதில் மிங்சுங் திடீரென்று கரகரத்த குரலில் தானே நாமம் சொல்லத் தொடங்கினான், எதையோ அமுக்குகிறவன் மாதிரி, அவசர அவசரமாக. பிறகு பெட்டியும் சேர்ந்துகொண்டது.

"கேட்டேன்," என்றான். "அன்னிக்கே கேட்டேன். கேட்டுட்டுத்தான் சத்தமா ஆரம்பிச்சேன். போதுமா?"

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

மலைப்பாதையில் ஒரு மணி நேரம். ரேடியோ போடவில்லை. பிற்பகல் வெயிலில் மாந்தோப்புகள் நெடுக வெள்ளைத் தாள் பைகள் கிளைகளில் தொங்கின, ஆயிரக்கணக்கில், காற்றில்லாமல், ஆடாமல். கோபம் அவளுக்குத் துணையாக வந்தது. அண்ணன் மேல், பன்னிரண்டு அங்கிகள் மேல், குனிந்து பார்த்து நேரம் சொன்னவர் மேல். எட்டு மணி நேரம் முடிந்து உடை மாற்றியபோது விறைத்திருக்க வேண்டிய அப்பாவின் கை மடங்கியது, விரல்கள் நெகிழ்ந்தன. குழுத்தலைவி கண் கலங்கி, உடம்பு எவ்வளவு மென்மை பாருங்க, நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டாரு, என்று வாழ்த்தினாள். எல்லோரும் கை கூப்பினார்கள். அவளும் கூப்பினாள். பிறகு குளிர்பெட்டிக்குள் வைத்து மூடினார்கள்.

மூடியது அவளும் சேர்ந்துதான். ஒரு பக்கத்தை அவள் பிடித்திருந்தாள்.

வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே ஊதுபத்தி, ஈர மரம், கழுவாத பாத்திரம். நாமம் அறையிலிருந்து வந்தது. பெட்டியின் நான்கு பெண்களோடு ஓர் ஆணின் உடைந்த குரல்.

மிங்சுங் வெறும் தரையில் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தொரு வயது. இப்போது பார்த்தால் எழுபது. கட்டிலில் பாயும் தலையணையும் அப்படியே இருந்தன. கொசுவலை நான்கு மூலையிலும் கட்டித் தொங்கியது. பெட்டி தலையணை மேல் இருந்தது.

இடைவெளி வந்தது. அவன் கையை உயர்த்தி அவளைப் பேசாதே என்று நிறுத்திவிட்டு, அதன் மேல் நாமத்தைச் சொன்னான். எட்டு வினாடி. ஒன்பது. பெட்டி தொடர்ந்ததும் சுவரில் சாய்ந்தான்.

"முந்தாநேத்து ஆறு வினாடிதான் இருந்துச்சு," என்றான். "நீ ஒரு பக்கம் சொல்லு. நான் மூச்சு வாங்குறப்போ நீ சொல்லணும், நீ வாங்குறப்போ நான். நடுவுல விட்டுறக் கூடாது."

"எத்தனை நாளா இப்படி உக்காந்திருக்கே?"

"சாப்பிட்டேன். நேத்து சாப்பிட்டேன்."

"அண்ணே, அவரு உயிரோட இருந்தாரா?"

"தெரியல."

"போர்வையைத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தூக்கிப் பாத்து? திரும்ப அந்த ஆம்புலன்ஸா? திரும்ப குழாயா? நீயா வந்து ராத்திரி ராத்திரி சளி எடுத்தே? வாரத்துக்கு ஒருநாள் பழம் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டுப் போவே." அவன் குரல் கிழிந்தது. "உனக்கும்தான் கேட்டுச்சு. உன் மூஞ்சியப் பாத்தேன் நான். நீ ஏன் எந்திரிக்கல?"

பெய்யு வாயைத் திறந்தாள். தொட்டால் கோபம் வரும் என்றார்களே, அதனால். அப்படிச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்ட நொடியில் ஒன்பது வயதுப் பெண்ணாக உறைந்தாள்; அடுத்த நொடியில் அண்ணனும் பன்னிரண்டு பேரும் பாடத் தொடங்கி அதை மூடியபோது, அவளுக்குள் ஏதோ ஒன்று, சிறியது, கடினமானது, மகிழ்ந்தது. இந்த முறை நீ கத்த முடியாது.

பெட்டி சுற்றை முடித்தது. மிங்சுங் தொடங்கினான். குரல் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் முகத்தைப் பார்த்தான், கெஞ்சினான்.

அவளால் சொல்லியிருக்க முடியும். ஒரு நாமம் போதும்.

"சொல்லட்டும்," என்றாள். "என்ன சொல்லணுமோ சொல்லட்டும். அறுவது வருஷம் இந்த வீட்டுல கத்தினாரு. இன்னும் ஒரு தடவை கத்திட்டுப் போகட்டும். நான் நின்னு கேக்குறேன்."

"பெய்யு, வேணாம்."

வலையை விலக்கினாள். பெட்டியை எடுத்தாள். சூடாக இருந்தது, கையில் பிடித்த சோற்றுக் கிண்ணம் மாதிரி. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. வலையை மறுபடி விட்டுவிட்டு ஓரடி பின்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மௌனம். இந்த அறையின் மௌனம். கண்ணை மூடினாலும் அடையாளம் தெரியும். தோப்பில் தண்ணீர் தெளிப்பான் சுற்றுகிற சத்தம். தூரத்தில் ஒரு நாய். சமையலறையில் குளிர்பதனப் பெட்டியின் முனகல்.

முனகல் நின்றது. பிறகு நாய். பிறகு தெளிப்பான்.

மூச்சு தொடங்கியது.

பெட்டி அவள் கையில் இருந்தது. மூச்சு பெட்டியில் இல்லை.

மூக்கு வழியாக. நிதானமாக. பாடகர்கள் ஒரு வரிக்கு ஒரு வினாடி இழுப்பார்கள், நீண்ட வரிக்கு இரண்டு. அவள் எண்ணினாள். மூன்று. ஐந்து. வசவு ஒன்றுக்கு இவ்வளவு காற்று வேண்டாம். எட்டு. ஒரு மாலை முழுக்கத் திட்டுவதற்கும் வேண்டாம். பன்னிரண்டு. கொசுவலை அசைந்தது. வெளியே ஓர் இலை ஆடவில்லை. வலை மட்டும் உள்நோக்கி நகர்ந்தது, நான்கு பக்கமும் ஒரே சமயத்தில், கட்டிய கயிறுகள் விறைக்க. இருபது.

"அப்பா," என்றான் மிங்சுங். சத்தமில்லாமல்.

முப்பது. வலை தலையணைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஒரே இடத்தில் குவிந்தது. ஒரு மூலைக் கயிறு அறுந்தது. துணி அங்கே குழிந்தது. உள்ளே, இன்னும் உள்ளே. வாய் அளவுக்கு ஒரு குழி. அதற்கு மேலே, சிறியதாக, இரண்டு.

ஊதுபத்திப் புகை சாய்ந்து அங்கே போனது. அவள் முன்மயிர் முன்னால் நீண்டது. நிறுத்தச் சொல்ல வேண்டும். நாமம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. வாயைத் திறந்தாள். உள்ளே எடுக்கக் காற்று இல்லை. பக்கத்தில் அண்ணனின் வாயும் திறந்திருந்தது. நெஞ்சு ஒட்டிப் போயிருந்தது.

நாற்பது. நாற்பத்தொன்று.

வலை குழிந்தபடியே இருந்தது. திரும்பவில்லை. காற்று இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.